இந்திய நிறுவன ஆய்வுகளும் நம் தோட்டப் பட்டணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளில் பலர் வணிக நிர்வாகம், சந்தையியல், பொருளியல் ஆகியவற்றை எடுத்துப் படிக்கிறார்கள். இறுதியாண்டு ஆய்வேடு என்று வந்ததும், இந்திய நிறுவனங்களைப் பற்றிய ஆய்வுகளைப் பார்த்தாயா என்று விரிவுரையாளர் கேட்கிறார். பிள்ளைகள் ஊருக்கு வந்து நம்மைக் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளும், பெற்றோர் சிலர் கேட்டவையும், என் பதில்களும் கீழே உள்ளன.

நாம் மலேசியர்கள். இந்தியாவில் நடந்த ஆய்வு நமக்கு எதற்கு?

முடிவுகளுக்காக அல்ல. கேள்விக்காகவும், அளந்த முறைக்காகவும். மும்பைப் பக்கத்து நெசவாலை முதலாளி தன் மேலாளரை ஏன் நம்புவதில்லை என்று ஒருவர் உட்கார்ந்து அளந்திருக்கிறார் என்றால், நம் பட்டணத்துத் துணிக்கடை முதலாளி கல்லாவில் வேறு யாரையும் உட்காரவிடாதது ஏன் என்று கேட்க அது வழி காட்டும். விடை வேறாகவே இருக்கலாம். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கத்து வாழ்க்கையும் வேறு வேறு சட்டத்தின் கீழ், வேறு வேறு கூலியில், வேறு வேறு பள்ளியில் வளர்ந்தது. ஆகவே 'இந்தியப் பண்பாட்டின் காரணமாக' என்று தொடங்கும் வாக்கியம் உங்கள் ஆய்வேட்டில் இருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள்.

எங்கே தேடுவது? பணம் கட்டாமல் கிடைக்குமா?

கிடைக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் இலவசமாக இருக்கின்றன. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அதை நடத்துகிறது. கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961இல் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகங்கள் ஆய்வுக்குப் பேர்போனவை. அகமதாபாத் கழகத்தின் 'விகல்பா' இதழ் 1976 முதல் வருகிறது. பொருளியலும் சமூகமும் சேர்ந்த விஷயங்களுக்கு 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' வார இதழ். அதற்கு உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாகப் போவது நல்லது. சோத்கங்காவில் தங்கமும் இருக்கிறது, தவிடும் இருக்கிறது. ஓர் ஆய்வேட்டைத் திறந்ததும் முன்னுரையைப் படிக்காதீர்கள். ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்துக்குப் போங்கள். யாரைக் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள் என்று அங்கே எழுதியிருக்காவிட்டால் மூடிவிடலாம்.

ஒரே ஓர் ஆய்வைத்தான் படிக்க நேரம் இருக்கிறது. எதைப் படிப்பது?

பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட நெசவாலை ஆய்வை. மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் 17 நிறுவனங்களின் 28 ஆலைகள். எல்லாமே குடும்ப நிறுவனங்கள். குலுக்கல் முறையில் சில ஆலைகளுக்கு மட்டும் பெரிய ஆலோசனை நிறுவனத்தின் ஆட்களை மாதக்கணக்கில் அனுப்பி, மேலாண்மையை ஒழுங்குபடுத்த இலவசமாக உதவினார்கள். மற்ற ஆலைகளில் நிலைமையை ஆராய்ந்து சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நூல் இருப்பைக் கணக்கெடுத்து வை. தறி பழுதானால் ஏன் என்று எழுதி வை. தரையில் கிடக்கும் குப்பையை அள்ளு. துணியில் விழும் குறைகளை நாள்தோறும் பதிவு செய்து, மறுநாள் காலையில் அதைப் பற்றிப் பேசு. இப்படி 38 நடைமுறைகள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது.

ஆய்வின் சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. இவ்வளவு லாபம் தரும் காரியத்தை முதலாளிகள் ஏன் முன்பே செய்யவில்லை? சில நடைமுறைகளை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவற்றை, நமக்கு இது தேவைப்படாது என்று ஒதுக்கியிருந்தார்கள். சரி, திறமையாக நடத்தும் நிறுவனம் ஏன் வளர்ந்து மற்றவரைச் சந்தையிலிருந்து விரட்டவில்லை? ஒரு குடும்பத்துக்கு எத்தனை ஆலைகள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்பதுதான். வெளியாளிடம் பொறுப்பைக் கொடுத்தால் திருடிவிடுவான் என்ற அச்சம். நம் பட்டணத்தில் இரண்டாவது கிளை திறந்த கடைகளை எண்ணிப் பாருங்கள். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார், தம்பியா மருமகனா என்றும் பாருங்கள். அழகான ஆய்வுத் தலைப்பு ஒன்று அதிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் பெண்கள் கடை நடத்துவது சாதாரணம் என்பதால் 'ஆண்கள் எத்தனை' என்ற அளவை இங்கே செல்லுபடியாகுமா என்பது இரண்டாவது தலைப்பு.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். கற்றுக்கொண்ட நடைமுறைகளில் ஏறத்தாழப் பாதியை விட்டிருந்தார்கள். மேலாளர் மாறினார், முதலாளிக்கு நேரமில்லை என்பவை அதிகம் சொல்லப்பட்ட காரணங்கள். ஆனாலும் உதவி பெறாத ஆலைகளைவிட அவை இன்னும் தெளிவாக முன்னே இருந்தன. ஓர் ஆய்வாளர் தன் முடிவையே சோதிக்கத் திரும்பிப் போவது அரிது. அதற்காகவும் இதைப் படிக்கச் சொல்கிறேன்.

அந்த ஆய்வு தோட்டத்துக்குப் பொருந்துமா?

நேராகப் பொருந்தாது. நெசவாலையில் இல்லாதது பதிவேடு. தோட்டத்தில் இருந்ததெல்லாம் பதிவேடு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது, ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி என்னும் எழுத்தர் ஆளுக்கு ஆள் எடை எழுதுவது, மண்டோர் என்னும் மேற்பார்வையாளர் செம்பனைக் குலைகளை எண்ணுவது, உதிரிப் பழத்துக்குத் தனிக் கணக்கு. ஒவ்வொரு தொழிலாளியின் ஒவ்வொரு நாளையும் எழுதி வைத்த நிறுவனங்கள் உலகில் குறைவு. தோட்டத்தின் சிக்கல் கணக்கு இல்லாதது அல்ல, அந்தக் கணக்கு யார் கையில் இருந்தது என்பது. நிறுத்தவர் ஒருவர், வெட்டியவர் இன்னொருவர்; எடையில் சந்தேகம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு இன்னும் பழைய ஆய்வு ஒன்று நெருக்கமானது. லண்டனின் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்தார். தானியங்கித் தறிக்கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை என்று பிரித்து வைத்திருந்ததை மாற்றி, ஒரு குழுவுக்குச் சில தறிகளைக் கொடுத்து, உங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது. 1970இல் அதே நிறுவனத்தின் எரிக் மில்லர் போய்ப் பார்த்தபோது ஒரு கூடத்தில் அந்தக் குழு முறை அப்படியே நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் பழைய முறை மெல்லத் திரும்பியிருந்தது. தோட்டத்தில் ரப்பர் மர நிரை வெட்டும் குடும்பத்துக்கு இப்படி ஓர் உரிமை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும். ஓய்வு பெற்ற மண்டோர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதுவதற்குக் காலம் அதிகம் இல்லை.

வெயிலைப் பற்றிய ஆய்வு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூருப் பகுதி ஆடை ஆலைகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி விளக்குகளைப் போட்டார்கள். எல்இடி குறைவாகச் சூடாகும். அதனால் வெப்பமான நாட்களில் விழும் உற்பத்தி இழப்பின் பெரும்பகுதி குறைந்தது. மின்கட்டணத்துக்காகச் செய்த மாற்றத்தில் தொழிலாளியின் உடம்புக்கும் நன்மை. கூரை தகரமாக இருக்கும் பட்டறை ஒன்று நம் பட்டணத்தில் தேடினால் கிடைக்காமலா போகும்?

சந்தையியலில் எதைப் பார்ப்பது? சாஷே (சின்னப் பொட்டலம்) கதை பழையதாகிவிட்டதே?

பழையதுதான், ஆனால் முடியவில்லை. கடலூரில் சின்ன அளவில் தொடங்கிய சிக் ஷாம்பு, ஐம்பது காசுப் பொட்டலமாகக் கிராமங்களுக்குள் போனது. ஏழைகளைப் பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளராகப் பார்த்தால் இரு தரப்புக்கும் நன்மை என்ற வாதத்தை, கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி. கே. பிரகலாத் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் எடுத்துச் சென்றார். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த அனில் கர்னானி மறுத்தார்: ஏழைகளிடம் விற்பதால் வறுமை தீராது, அவர்களிடமிருந்து வாங்க வேண்டும், அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். எனக்குக் கர்னானி பக்கம்தான் சாய்வு. இருவரையும் படித்துவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நம் ஊரில் இதைச் சோதிக்க வேண்டுமானால் கடை அலமாரியைவிடக் கடன் குறிப்பேடுதான் நல்ல இடம். 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்னக் குறிப்பேட்டை நம் வீடுகளில் பார்க்காதவர் உண்டா? மாதத்தின் எந்த வாரத்தில் எந்தப் பொருள், எவ்வளவு கடனில் போகிறது என்பது அதில் இருக்கிறது. கைப்பேசிப் பணப்பை வந்த பிறகு அது எவ்வளவு மாறியது என்று யாராவது பார்க்க வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் மட்டும்; வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துவிட்டு மட்டும்.

கூட்டுறவு என்றால் எல்லோரும் அமுலையே எழுதுகிறார்கள். நமக்கு வேறு இல்லையா?

இருக்கிறது, அதுவும் இந்த ஊரோடு ஒட்டியது. முதலில் அமுலைப் பார்ப்போம். அமுல் என்று நாம் அறியும் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு 1946இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கியது. திரிபுவன்தாஸ் படேல் தலைவர். வர்கீஸ் குரியன் 1949இல் அங்கே போய்ச் சேர்ந்தார். மேலாண்மை வகுப்புகளில் அது பாடமானதற்குக் காரணம் வெற்றி மட்டுமல்ல. அதைச் சுற்றி எழுதுபவர்கள் இருந்தார்கள். ஊரக மேலாண்மைக்கென்றே ஆனந்தில் 1979இல் ஒரு கல்வி நிறுவனம் வந்தது.

இங்கே, ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்று வெளியேற, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அந்த நேரத்தில் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பங்குப் பணம் கட்டித் தோட்டம் வாங்குவது என்பது திட்டம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் இருந்தது. குஜராத்தின் கேடா அல்ல, மலேசியாவின் கெடா மாநிலம்.

ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஒரு வேறுபாட்டை விடக்கூடாது. அமுல் உறுப்பினர் தினமும் இரண்டு வேளை பால் கொண்டுவந்து ஊற்றுகிறார், கையில் காசு வாங்குகிறார். சங்கம் தனக்கு என்ன செய்கிறது என்று அவருக்கு அன்றாடம் தெரியும். நிலநிதிச் சங்க உறுப்பினர் பங்குக்காரர். வேறு தோட்டத்தில் வேலை செய்து கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை ஈவுத்தொகையைப் பார்ப்பவராகவும் இருக்கலாம். உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் உள்ள இந்தத் தூரம் நிர்வாகத்தை எப்படி மாற்றுகிறது? இதற்கு எம்பிஏ அளவில் ஓர் ஆய்வேடு போதாது, முனைவர் பட்டமே எடுக்கலாம். பங்குச் சான்றிதழைப் பெட்டியில் வைத்திருக்கும் பாட்டி, தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

குறுங்கடன் ஏழைகளை உயர்த்தியது என்று இந்திய ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்கிறார்களே?

நிரூபிக்கவில்லை. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளை எடுத்து, அவற்றில் பாதியில் மட்டும் ஒரு குறுங்கடன் நிறுவனம் கிளை திறக்கும்படி செய்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட குழு ஆண்டுக்கணக்கில் அளந்தது. 2015இல் வெளிவந்த முடிவு: தொழிலில் போட்ட முதல் கூடியது, ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களுக்கு ஓரளவு பயன். ஆனால் குடும்பச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, ஆரோக்கியம், பெண்களின் நிலை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. தீங்கு என்றும் அவர்கள் சொல்லவில்லை. பானர்ஜிக்கும் டுஃப்ளோவுக்கும், மைக்கேல் கிரேமருடன் சேர்த்து, 2019இல் பொருளியல் நோபல் கிடைத்தது இத்தகைய கள ஆய்வு முறைக்காகத்தான்.

அப்படியானால் நம் ஊரில் கூட்டு (சீட்டு) பிடிப்பதைப் பற்றி எழுதலாமா?

தலைப்பு பிரமாதம், எச்சரிக்கை தேவை. இந்தியாவில் சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்து நடத்தக்கூடிய தொழில். மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடை செய்கிறது. ஒரே பழக்கம், இரு நாடுகளில் இரு வகைச் சட்டம். பொருளியல் மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் உங்களிடம் மனம் திறந்து பேசிய அக்காவை நீங்களே மாட்டிவிடக்கூடாது. பெயர், தோட்டம், தொகை மூன்றும் சேர்ந்து எங்கும் பதிவாகாமல் பாருங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வரும்வரை யாரையும் பேட்டி எடுக்காதீர்கள்.

இந்தியர், மலேசியர் என்று பண்பாட்டுக்கு எண் கொடுத்திருக்கிறார்களே, அதைப் பயன்படுத்தலாமா?

நெதர்லாந்து ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெடின் அட்டவணையைச் சொல்கிறீர்கள். மேலதிகாரிக்கு முன் எவ்வளவு பணிவு என்பதைக் குறிக்கும் அளவில் இந்தியாவுக்கு 77, மலேசியாவுக்கு 104. அந்தக் கேள்வித்தாள் ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை கொடுக்கப்பட்டது. அன்றைக்கு ஐபிஎம் அலுவலகத்தில் வேலை பார்த்த மலேசியர் யார், நம் லயத்து வீடுகளில் இருந்தவர் யார்? அந்த 104ஐ எடுத்து ஒரு தோட்டத் தொழிலாளியின் தலையில் வைப்பது அபத்தம். மேற்கோள் காட்டத்தான் வேண்டும் என்று விரிவுரையாளர் கட்டாயப்படுத்தினால், எங்கே யாரிடம் எடுத்த எண் என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.

வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு பற்றி ஆராய முடியுமா?

முடியும். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர்தான் வேறு. நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு அளவு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு அளவு. மலேசியாவில் லீ ஹுவோக் ஆன், முகமது அப்துல் காலிட் ஆகியோரின் 2016 ஆய்வு இதே முறையில் பட்டதாரிகளை எடுத்துக்கொண்டது. ஆனால் சீன, மலாய்ப் பெயர்களைத்தான் ஒப்பிட்டது. நம் பெயர்கள் அதில் இல்லை. வேறொருவர் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? பொய் விண்ணப்பம் அனுப்பும் முறை என்பதால் நெறிமுறைக் குழு கடுமையாகக் கேள்வி கேட்கும். இளங்கலை மாணவர் தனியாகச் செய்யக்கூடியதல்ல. பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து செய்யலாம்.

இந்திய ஆய்விதழ் ஒன்று மூன்றே நாளில் என் கட்டுரையை வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. கட்டணம் குறைவுதான். அனுப்பலாமா?

வேண்டாம்.

காரணம் தெரிந்துகொள்ள விரும்பினால்: இந்தியாவில் முனைவர் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்று விதி வைத்ததும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் காளான்போல் முளைத்தன. பல்கலைக்கழக மானியக் குழு தான் ஏற்றுக்கொண்ட பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. நல்ல இதழ் உங்கள் கட்டுரையை இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்துத் திருப்பி அனுப்பும். மாதங்கள் ஆகும். மனமும் நோகும்.

இருநூறு பேருக்கு இணையப் படிவம் அனுப்பி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வாங்கினால் போதாதா?

பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் 'வாடிக்கையாளர் திருப்தி' என்ற தலைப்பைக் கண்டாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் படிவத்தை நிரப்புபவர் நண்பர்களே. அறுபது வயதுத் தொழிலாளிக்கு அது போய்ச் சேராது. சேர்ந்தாலும், படித்த பிள்ளை கேட்கிறதே என்று எல்லாவற்றுக்கும் நான்கு போடுவார். எதிரே உட்கார்ந்து தமிழில் கேளுங்கள், மலாயில் பேசப் பிடித்தவரிடம் மலாயில். இருபது பேர் போதும், நன்றாகக் கேட்டால்.

இதைப் படித்து என் மகளுக்கு என்ன வேலை கிடைக்கும்?

வங்கி, சந்தை ஆய்வு நிறுவனம், அரசு புள்ளியியல் துறை, கூட்டுறவு நிர்வாகம். கணக்கும் எழுத்தும் இரண்டும் கைவந்தவளாக இருந்தால் கதவுகள் கூடுதலாகத் திறக்கும். புள்ளியியல் பாடத்தை எளிதாகத் தப்பித்துக்கொள்ளும் வழியை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அம்மா.

தோட்டங்களில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்தான் அதிகம் வேலை செய்கிறார்கள். நாங்கள் எதை ஆராய்வது?

அவர்களையும் ஆராயலாம், தமிழ்ப் பிள்ளை தமிழரை மட்டுமே ஆராய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம்மவர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து தொடங்கிய தொழில்கள் வேறு இருக்கின்றன: லாரி, பழைய இரும்பு, சமையல் குத்தகை, பூமாலைக் கடை, முடிதிருத்தகம். முடிதிருத்தகங்களும் நகைப் பட்டறைகளும் துணிக்கடைகளும் இந்தியாவிலிருந்து ஆள் வந்தால்தான் ஓடும் என்கின்றன. அரசின் அனுமதிக்காக அந்த முதலாளிகள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள். உள்ளூர் இளைஞர்கள் அந்த வேலைக்கு வராதது கூலியாலா, நேரத்தாலா, மதிப்புக் குறைவு என்ற எண்ணத்தாலா? முதலாளி சொல்லும் காரணமும் இளைஞன் சொல்லும் காரணமும் ஒன்றாக இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக, ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியாதபடி கேட்டு எழுதுங்கள். முதலாளியைப் பார்க்கப் போவதானால் சனி, ஞாயிறு வேண்டாம். கடையில் கூட்டம் இருக்கும்.